பிசிசியை முதலில் எடுக்காதீர்கள்: துணையின் ஸ்பான்சர்ஷிப்புக்குப் போலீஸ் சான்று வாங்கும் நேரக் கணக்கு

கல்யாணம் முடிந்து, வெளிநாட்டில் இருக்கும் கணவரோ மனைவியோ ஸ்பான்சர் செய்யப் போகிறார் என்று உறுதியானதும், நம் பக்கத்து வீடுகளில் முதலில் எடுக்கும் பேப்பர் பிசிசி. போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட். 500 ரூபாய் கட்டணம், ஒரு அப்பாயின்ட்மென்ட், ஒரு போலீஸ் என்கொயரி, அவ்வளவுதான். மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டால் இது சுலபம். சுலபமானதை முதலில் முடித்துவிடலாம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்த ஒரு பேப்பருக்கு மட்டும் அந்தக் கணக்கு பொருந்தாது. திருமணச் சான்றுக்கு வயதாகாது, பிறப்புச் சான்றுக்கும் ஆகாது. பிசிசி கையில் வந்த அன்றே அதற்கு வயது ஏறத் தொடங்கிவிடும்.

சான்றில் காலாவதித் தேதி அச்சாகவில்லையே என்று சிலர் கேட்பார்கள். அச்சானாலும் ஆகாவிட்டாலும் செல்லுபடி என்பது கேட்கும் நாட்டின் கணக்கு. அந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் அப்பாயின்ட்மென்ட் போடுவதால்தான் இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று எடுக்க வேண்டி வருகிறது.

கனடா

நம் ஊரிலிருந்து போகும் ஸ்பான்சர்ஷிப் விண்ணப்பங்களில் தேதி இடறுவது கனடாவில்தான் அதிகம் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டும். 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான் சான்று தேவை. தொடர்ச்சியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கிய நாடுகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இதில் இரண்டு விதிகள் உண்டு, இரண்டும் வேறு வேறு.

இப்போது நீங்கள் வசிக்கும் நாட்டின் சான்று, விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். முன்பு வசித்துவிட்டு வந்த நாட்டின் சான்றுக்கு இந்த ஆறு மாதக் கணக்கு கிடையாது. அந்த நாட்டில் கடைசியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கி முடித்த பிறகு வழங்கப்பட்டதாக இருந்தால் போதும்.

இதிலிருந்து ஒன்று புரிந்திருக்கும். மேலூரில் இருக்கும் பெண்ணுக்கு இந்தியப் பிசிசி வயதாகும் பேப்பர். அதே பெண் சிங்கப்பூரில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறார் என்றால், அவருக்கு வயதாகும் பேப்பர் சிங்கப்பூர்ச் சான்று. சிங்கப்பூருக்குப் போன பிறகு எடுத்த இந்தியப் பிசிசி, ஒரு வருடம் பழையதானாலும் விதிப்படி நிற்கும். நடுவில் பொங்கலுக்கு இரண்டு வாரம் ஊருக்கு வந்து போனதால் அது கெடாது. ஆறு மாதம் வந்து தங்கினால்தான் புதிதாக எடுக்க வேண்டும்.

விண்ணப்பக் கிட்டில் உள்ள செக்லிஸ்ட், ஐஎம்எம் 5533, எந்தெந்த நாட்டுச் சான்றை ஆரம்பத்திலேயே இணைக்க வேண்டும் என்று சொல்லும். கிட்டை அவ்வப்போது மாற்றுகிறார்கள். எனவே சமர்ப்பிக்கும் வாரத்தில் புதிதாகத் தரவிறக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பழைய பிடிஎஃப்பை நம்ப வேண்டாம்.

கனடாவில் இன்னொரு விஷயம், ஏதாவது ஒரு படிவத்தில் கையெழுத்து விட்டுப்போனாலும் முழு விண்ணப்பமும் திரும்பி வந்துவிடும். திரும்பி வருவதற்கே வாரங்களோ மாதங்களோ ஆகும். மறுபடி சமர்ப்பிக்கும் நாள்தான் புதிய சமர்ப்பிப்பு நாள். ஆறு மாதத்தை அந்த நாளிலிருந்து மறுபடி பின்னோக்கி எண்ணுவார்கள். பிசிசியை விளிம்பில் வைத்துச் சமர்ப்பித்தவர்களுக்கு இங்கேதான் அடி.

ஆஸ்திரேலியா, அமெரிக்கா, மற்றவை

ஆஸ்திரேலியாவின் பார்ட்னர் விசாக்களுக்கு (வெளியிலிருந்து போட்டால் 309, அங்கேயே இருந்து போட்டால் 820) கணக்கு 12 மாதம். கடந்த 10 ஆண்டுகளில், 16 வயதுக்குப் பிறகு, மொத்தமாகக் கூட்டினால் 12 மாதம் தங்கிய ஒவ்வொரு நாட்டுக்கும் சான்று வேண்டும். கனடா தொடர்ச்சியான தங்கலைப் பார்க்கிறது, ஆஸ்திரேலியா கூட்டுத்தொகையைப் பார்க்கிறது. நான்கு மாதம், ஐந்து மாதம், நான்கு மாதம் என்று மூன்று தடவை துபாயில் பிராஜெக்ட் வேலை பார்த்தவருக்குக் கனடா துபாய்ச் சான்று கேட்காது, ஆஸ்திரேலியா கேட்கும். எந்த நாடானாலும் முதலில் பழைய பாஸ்போர்ட், புது பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, இமிகிரேஷன் முத்திரைகளைப் பார்த்து உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள்.

ஆஸ்திரேலியாவுக்குக் கொடுக்கும் சான்று, வழங்கிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும். விசா முடிவு ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கக்கூடியது என்பதால், விண்ணப்பம் போடும் அன்றே பிசிசியையும் ஏற்றினால் முடிவெடுக்கும் நேரத்தில் அது பழசாகியிருக்கலாம். ஆனால் இமிஅக்கவுன்டில் (ஆஸ்திரேலிய விசாவுக்கான இணையக் கணக்கு) விண்ணப்பம் போட்ட பிறகும் ஆவணங்களை ஏற்ற முடியும். அதனால் இந்தியாவிலேயே இருந்தவர்கள் பிசிசியைச் சில மாதம் தள்ளி எடுக்கலாம். கிடைக்க நேரம் பிடிக்கும் நாட்டுச் சான்று தேவைப்படுபவர்கள் தள்ளக் கூடாது. அதிகாரி கேட்டுக் கடிதம் அனுப்பினால் பொதுவாக 28 நாள்தான் அவகாசம். இன்னொன்று, வெளியிலிருந்து போகிறவர்களுக்கு விசா கிடைத்ததும் முதல் நுழைவுக்கு ஒரு கடைசித் தேதி குறிப்பார்கள். வழக்கமாக அந்தத் தேதியைப் பிசிசி, மெடிக்கல் இரண்டில் எது முதலில் காலாவதி ஆகிறதோ அதை வைத்தே போடுகிறார்கள். 11 மாதம் பழைய பிசிசியோடு விசா கிடைத்தால் பெட்டி கட்டக்கூட நாள் இருக்காது.

ஆஸ்திரேலியாவில் ஸ்பான்சரும் போலீஸ் சான்று தர வேண்டும். 2016 நவம்பரிலிருந்து இந்த நடைமுறை. அங்குள்ள ஸ்பான்சர் எடுக்க வேண்டியது ஆஸ்திரேலியன் ஃபெடரல் போலீசின் நேஷனல் போலீஸ் செக். விண்ணப்பிக்கும்போது காரணமாக 33ஆம் எண்ணை, அதாவது குடியேற்றம் மற்றும் குடியுரிமை என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். வேலைக்காக ஏற்கெனவே எடுத்த சான்றைக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். மாப்பிள்ளை மெல்போர்னில் இருக்கிறார், பெண் திருமங்கலத்தில் இருக்கிறார் என்றால் இருவரும் பேசி, இரண்டு சான்றும் ஒரே மாதவாக்கில் வருகிற மாதிரி எடுப்பது நல்லது.

அமெரிக்காவில் அவசரமே வேண்டாம். ஸ்பான்சர் ஐ-130 மனு (துணையை அழைத்துக்கொள்ள முதலில் போடும் மனு) போடும் கட்டத்தில் பிசிசி கேட்பதே இல்லை. மனு ஒப்புதலாகி நேஷனல் விசா சென்டருக்குப் போன பிறகுதான் கேட்பார்கள். 16 வயது நிறைந்தவர்களுக்குத் தேவை. சான்று இரண்டு வருடம் செல்லும். முன்பு வசித்த நாட்டின் சான்றை வாங்கிய பிறகு அந்த நாட்டுக்குத் திரும்பப் போகவில்லை என்றால் இந்தக் காலாவதியும் பொருந்தாது. ஐ-130 போட்ட கையோடு பிசிசி எடுத்து வைப்பதில் ஒரு பயனும் இல்லை.

நியூசிலாந்து ரெசிடென்ஸ் விண்ணப்பத்துக்குச் சமர்ப்பிக்கும் நாளில் சான்று ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். பிரிட்டன் ஸ்பௌஸ் விசாவுக்குப் பிசிசி கேட்பதில்லை. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே முக்கியம் டிபி (காசநோய்) சோதனைச் சான்று. அது ஆறு மாதம் செல்லும். லண்டனுக்குப் போகும் பெண்ணுக்குக் கனடாக்காரர் சொன்ன பட்டியலை வைத்துப் பிசிசி எடுத்துக்கொடுக்கும் வேலை நம் ஊரில் இன்னும் நடக்கிறது.

பிசிசிக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

பிசிசியில் பாஸ்போர்ட் எண், பெயர், எந்த நாட்டுக்கு என்பது மூன்றும் இருக்கும். கடிதத்தின் சாரம் இதுதான்: இந்த எண்ணுள்ள இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இன்னாருக்கு, இன்ன நாட்டுக்கான விசா உள்ளிட்ட பயண வசதிகள் பெறத் தடையாக இருக்கும் பாதகமான தகவல் எதுவும் பதிவில் இல்லை. ஆகவே கனடாவுக்கு என்று எடுத்ததை ஆஸ்திரேலியாவுக்குக் கொடுக்க முடியாது. அதைவிட முக்கியம், பிசிசி எடுத்த பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் சான்றில் இருப்பது ரத்தான பாஸ்போர்ட்டின் எண். விண்ணப்பத்தில் இருப்பது புது எண்.

கல்யாணமான புதிதில் பாஸ்போர்ட்டில் இரண்டு மாற்றங்கள் வரும்: துணையின் பெயர் சேர்ப்பது, முகவரி மாற்றுவது. செய்வதானால் இரண்டையும் பிசிசிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். காலாவதிக்கு ஒரு வருடம்தான் மிச்சம் என்றாலும் முதலில் புதுப்பித்துவிடுவது மேல். மறுவழங்கலின்போது போலீஸ் வெரிஃபிகேஷன் நடந்து அது கிளியராகிவிட்டால், அதே முகவரியில் பிசிசி வேகமாகக் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

அதற்கும் முன்னால் திருமணப் பதிவு. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டியவர்கள் கோயில் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பதிவு அலுவலகத்தில் அதுதான் முதலில் கேட்பார்கள். ஆக வரிசை இது: திருமணப் பதிவு, பாஸ்போர்ட், அப்புறம்தான் பிசிசி.

பெயர் விஷயத்தில் நம் ஊர் இனிஷியல் தனியாகக் கவனிக்க வேண்டியது. பள்ளிச் சான்றில் எம். கவிதா, ஆதாரில் கவிதா எம், பாஸ்போர்ட்டில் கொடுத்த பெயர் கவிதா, குடும்பப் பெயர் முருகன். நமக்கு மூன்றும் ஒருவர்தான். வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று பெயர். பிசிசி பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் வரும், அது நல்லது. விண்ணப்பத்தில் வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் கட்டத்தில் எம். கவிதா, கவிதா எம் இரண்டையும் எழுதுங்கள். வெளிநாட்டில் போலீஸ் சான்று எடுக்கும்போதும் அதே வடிவங்களைக் கொடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், கனடா படிவங்களில் கொடுத்த பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு மற்றதை வெறுமையாக விட வேண்டும்.

வெளிநாட்டுச் சான்றுகளை முதலில் தொடங்குங்கள்

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ சில வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள் நிறைய. அந்த நாட்டுச் சான்றுகள்தான் விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கும்.

அங்கே இருக்கும்போது எடுத்தால் பெரும்பாலும் சுலபம். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் எமிரேட்ஸ் ஐடி கையில் இருந்தால் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். விசா ரத்தாகி ஊருக்கு வந்த பிறகு என்றால் கைரேகைத் தாள், அட்டெஸ்டேஷன், தூதரக முத்திரை என்று நீளும். சவூதியும் அப்படித்தான், அங்கே யாராவது நண்பர் அலைய வேண்டியிருக்கும். சிங்கப்பூர் கைரேகையும், எதற்காகத் தேவை என்பதற்கான சான்றும் கேட்கும். மலேசியாவில் இது காவல்துறை கொடுப்பதல்ல, வெளியுறவு அமைச்சகமான விஸ்மா புத்ரா கொடுப்பது. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர்கள் எஃப்பிஐக்கு எஃப்டி-258 அட்டையில் கைரேகை வைத்து அனுப்ப வேண்டும், கட்டணம் 18 டாலர்.

வெளிநாட்டை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே சான்றை எடுத்துவிட்டு வருவது எப்போதும் நல்லது. ஆனால் கனடாவின் விதியை எழுத்துப்படி பார்த்தால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வழங்கிய சான்று அங்கே வசித்து முடித்த பிறகு வழங்கியதாகாது. அப்படிப்பட்ட சான்றோடு, எந்தத் தேதியில் நாட்டை விட்டு வெளியேறினீர்கள் என்பதற்கான முத்திரைப் பக்கத்தையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் வையுங்கள். கூடவே புதிய சான்றுக்கும் விண்ணப்பித்து, விண்ணப்பித்த ரசீதையும் இணையுங்கள். முயற்சி செய்த தடயம் இருந்தால் அதிகாரிக்கு அவகாசம் கொடுக்கக் காரணம் கிடைக்கும்.

கைரேகை வைக்கும்போது ஒரு கவனம். விரலை மையில் நேராகத் தொட்டு அழுத்தினால் போதாது. ஒரு பக்க நகவோரத்தில் தொடங்கி மறுபக்க நகவோரம் வரை ஒரே உருட்டில் உருட்ட வேண்டும். மை அதிகமானால் கோடுகளுக்கு நடுவே இடைவெளி அடைந்துபோகும். குறைந்தால் கோடு அறுந்து தெரியும். வயல் வேலையோ கட்டட வேலையோ செய்தவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். அவர்கள் சில நாள் முன்னிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, ரேகை வைக்கும் அன்று சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போனால் கொஞ்சம் தெளிவாக விழும். இரண்டு தாளில் வைத்து வாங்குங்கள். ஒன்று நிராகரிக்கப்பட்டால் மறுபடி அலைய வேண்டாம். அரபி, மலாய் போன்ற மொழிகளில் வரும் சான்றுக்கு மொழிபெயர்ப்பு தேவை. கனடாவுக்குக் குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பு செல்லாது.

மதுரையில் பிசிசி

பாஸ்போர்ட் சேவா தளத்தில் பதிவு செய்து, மதுரை பாஸ்போர்ட் ஆபீசைத் தேர்வு செய்து, போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் படிவத்தை நிரப்பி, 500 ரூபாய் கட்டி நாள் வாங்க வேண்டும். 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலையங்களில் உள்ள பாஸ்போர்ட் சேவா கேந்திராக்களிலும் பிசிசிக்கு நாள் கிடைக்கிறது. மதுரையில் தேதி தள்ளிப்போனால் பக்கத்து மாவட்டத்துத் தபால் நிலையக் கேந்திராவையும் பாருங்கள். இதே பெயரில் போலித் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்குகின்றன. ஆன்லைன் சென்டரில் கொடுத்துப் போட்டாலும், பணம் கட்டும் முன் திரையில் நாட்டின் பெயரும் முகவரியும் சரியா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் சொந்தத் தளத்திலும் ஒரு போலீஸ் சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. அது வேலைக்கும் வாடகைக்கு ஆள் வைப்பதற்கும் பயன்படுவது. குடியேற்றத்துக்கு அதை எடுத்து நாள் வீணாக்க வேண்டாம். பாஸ்போர்ட் ஆபீஸ் கொடுக்கும் பிசிசிதான் வேண்டும்.

எடுத்துப்போக வேண்டியது: அசல் பாஸ்போர்ட், அதன் முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம் ஆகியவற்றின் கையெழுத்திட்ட நகல், தற்போதைய முகவரிச் சான்று. எதற்காகப் பிசிசி என்று கேட்டால் காட்டத் திருமணச் சான்று, ஸ்பான்சரின் பாஸ்போர்ட் அல்லது ரெசிடென்ஸ் அட்டையின் நகல். சுற்றுலா விசாவுக்குப் பிசிசி கொடுக்க மாட்டார்கள் என்பதால் இந்தப் பேப்பர்கள் கையில் இருப்பது நல்லது. உள்ளே ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர். ஏ-யில் தட்டச்சாகும் முகவரியைத் திரையில் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அந்த முகவரியைப் பொறுத்துத்தான் அடுத்து எந்த ஸ்டேஷன் என்பது முடிவாகும். மாநகர எல்லைக்குள் என்றால் கமிஷனர் அலுவலகம் வழியாகவும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் என்றால் மாவட்ட எஸ்பி அலுவலகம் வழியாகவும் உங்கள் ஸ்டேஷனுக்குப் போகும்.

தாமதத்தின் பெரும்பகுதி இந்த என்கொயரியில்தான். நடப்பது என்னவென்று பாருங்கள். பெண்ணுக்குப் பாஸ்போர்ட்டில் செல்லூர் முகவரி. வேலை சென்னையில், ஹாஸ்டலில் தங்கல். பிசிசிக்காக ஒரு நாள் வந்து கேந்திராவில் காட்டிவிட்டு அன்று இரவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறார். நான்கைந்து நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து வருகிறார்கள். வீட்டில் அப்பத்தா மட்டும். "அவ இப்ப இங்க இல்லைங்கய்யா, மெட்ராஸ்ல வேலை பாக்குறா" என்கிறார். அப்பத்தா சொன்னது உண்மை. ஆனால் ரிப்போர்ட்டில் அது விண்ணப்பதாரர் அந்த முகவரியில் வசிக்கவில்லை என்று போகும். பிசிசி நிற்கும். பிறகு பாஸ்போர்ட் ஆபீசில் விளக்கம் கொடுத்து, மறுபடி என்கொயரிக்கு அனுப்பச் சொல்லி, முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

ஆகவே கேந்திராவில் காட்டிய நாளிலிருந்து என்கொயரி முடியும்வரை விண்ணப்பதாரர் ஊரில் இருக்க வேண்டும். லீவு போடுவதானால் அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்னால் போடாமல் அதற்குப் பின்னால் வருகிற மாதிரி போடுங்கள். முடியாது என்றால் உண்மையிலேயே வசிக்கும் ஊர் முகவரிச் சான்றோடு அந்த ஊரிலேயே விண்ணப்பிப்பது நேர்மையான வழி, வேகமான வழியும் அதுதான். வீட்டில் இருப்பவர்களுக்கு, பக்கத்து வீட்டாருக்கு, வாடகை வீடென்றால் உரிமையாளருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் போனை எடுங்கள், ஸ்டேஷனிலிருந்து பெரும்பாலும் முதலில் போன்தான் வரும். கேட்டால் கொடுக்க ஆதார், பாஸ்போர்ட் நகல், அப்பாயின்ட்மென்ட் தாள் ஆகியவை ஒரு கவரில் தயாராக இருக்கட்டும். கட்டணம் என்பது தளத்தில் கட்டிய 500 ரூபாய் மட்டுமே.

வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகப் பிசிசி கேட்டாலும் விசாரணை பாஸ்போர்ட்டில் உள்ள மதுரை முகவரிக்கு வரலாம். அந்த வீட்டை விற்றுவிட்டுக் குடும்பம் வேறு பக்கம் போயிருந்தால் சிக்கல். தூதரகத்தில் கொடுக்கும்போதே பெற்றோரின் தற்போதைய முகவரியைத் தெளிவாக எழுதுங்கள்.

மதுரைக்கென்று ஒரு காலக் கணக்கும் இருக்கிறது. தை பிறந்ததும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்குவது. அந்த நாட்களில் ஸ்டேஷனில் இருப்பவர்கள் முழுக்கப் பந்தோபஸ்தில் இருப்பார்கள். பரமக்குடி, கமுதி பக்கம் செப்டம்பர் 11 (இம்மானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் குருபூஜை) ஆகிய நாட்களை ஒட்டியும் இதே நிலை. தேர்தல் அறிவித்துவிட்டால் மாநிலம் முழுக்கவே. இந்த நாட்களுக்கு ஒட்டி விண்ணப்பித்துவிட்டு ஒரு வாரத்தில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெரிஃபிகேஷன் யார் கையிலும் வேண்டுமென்று தேங்குவதில்லை, ஆள் இல்லாததால் தேங்குகிறது. ஒரு மாதம் முன்னாலோ பின்னாலோ தள்ளுவது நம் கையில் இருக்கிறது.

பின்னோக்கி எண்ணுவது

கனடாவுக்கு அக்டோபர் 1 அன்று சமர்ப்பிக்கத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கிய பிசிசி போதும். ஏப்ரல் 20 தேதியிட்ட பிசிசியோடு அக்டோபர் 1 சமர்ப்பித்தால் சரிதான். ஆனால் டிசம்பரில் குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் அந்தப் பிசிசி செத்துப்போயிருக்கும். அதே விண்ணப்பத்துக்கு ஜூலை நடுவில் அப்பாயின்ட்மென்ட் போட்டு ஆகஸ்ட் 5 தேதியிட்ட பிசிசி வாங்கியிருந்தால், பிப்ரவரித் தொடக்கம் வரை உயிர் இருக்கும். டிசம்பரில் திரும்பி வந்தாலும் குறையைச் சரிசெய்து அதே பிசிசியோடு மறுபடி போடலாம். ஆக, சமர்ப்பிக்க நினைக்கும் நாளுக்கு இரண்டரை மாதம் முன்பு கேந்திராவுக்குப் போவது நம் பக்கத்துக்குச் சரியான கணக்கு. என்கொயரி தவறி மறுபடி நடந்தாலும் அந்த இடைவெளி தாங்கும்.

வளைகுடாச் சான்றும் தேவை என்றால் அதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். அது கைக்கு வந்த பிறகு, அல்லது வரும் தேதி உறுதியான பிறகு, இந்தியப் பிசிசிக்கு நாள் போடுங்கள்.

வழக்கு இருந்தால்

எஃப்ஐஆரில் பெயர் இருந்தால், அது ஊர்த் திருவிழாத் தகராறாக இருந்தாலும், போராட்டத்தில் பொதுவாகப் போட்ட வழக்காக இருந்தாலும், என்கொயரியில் வரும். முடிந்த வழக்கு என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலோ, வழக்கு கைவிடப்பட்ட உத்தரவோ பிசிசிக்கு விண்ணப்பிக்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். அதை வாங்குவதற்கே மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், இவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்க வேண்டிய வேலை இதுதான். நிலுவையில் இருந்தால் வழக்கறிஞரைப் பார்க்காமல் பிசிசிக்குப் பணம் கட்டாதீர்கள். விசா படிவத்தில் கைது, வழக்கு பற்றிய கேள்விக்கு உள்ளதை எழுதுங்கள். சின்ன வழக்கு விசாவைத் தடுக்காமல் போகலாம். ஆனால் மறைத்தது தெரிந்தால் கனடா ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாதபடி செய்துவிடும்.

சமர்ப்பித்த பிறகு

பிசிசி கைக்கு வந்ததும் பெயரின் எழுத்து, பாஸ்போர்ட் எண், நாட்டின் பெயர் மூன்றையும் அன்றே சரிபாருங்கள். தவறு இருந்தால் உடனே ரேஸ் கோர்ஸ் ரோட்டில் உள்ள மண்டலப் பாஸ்போர்ட் ஆபீசை அணுகலாம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். மொபைலில் எடுத்த சாய்ந்த போட்டோ வேண்டாம். அசலை லேமினேட் செய்யாதீர்கள்.

விண்ணப்பம் உள்ளே இருக்கும்போது புதிதாக வேறு நாட்டுக்கு வேலைக்குப் போவது பலர் கவனிக்காத இடம். விசா வர ஒரு வருடம் ஆகும், அதுவரை துபாயில் ஒரு வேலை பார்க்கலாம் என்று போய் ஏழு மாதம் தங்கினால், கனடாவுக்குத் துபாய்ச் சான்றும் தேவைப்படும் நிலை வந்துவிடும். போவது தப்பில்லை. போனால் முகவரி மாற்றத்தை உடனே தெரிவியுங்கள், கிளம்பும் முன் அங்கே சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அதிகாரி நடுவில் புதிய பிசிசி கேட்டால் கடிதத்தில் உள்ள கடைசி நாளைப் பாருங்கள். அதற்குள் கிடைக்காது என்று தெரிந்தால், நாள் முடியும் முன்பே அப்பாயின்ட்மென்ட் தாளை ஏற்றி அவகாசம் கேளுங்கள். ஸ்பான்சரின் கணக்குக்கு மட்டும் கடிதம் வருவது போல மின்னஞ்சல் கொடுத்திருந்தால், அவர் வாரம் ஒருமுறை ஸ்பாம் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும்.